படகு வராத ஞாயிறு

நாற்காலி போடுவது என் வேலை.
பதினாறு வருடமாக, வரிசைக்கு ஆறு,
எல்லா முகமும் மேடைக்கு,
எல்லா முதுகும் எனக்கு.
எங்கள் சபையில் யாரையும்
பிடரியை வைத்தே அடையாளம் சொல்வேன்.

ஜனவரியில் பாரோ தீவுகளுக்கு
விடியலே பத்து மணிக்குத்தான் வரும்.
அன்று அதுவும் வரவில்லை.
புயல். தலைநகரிலிருந்து படகில்லை,
படகில் வரவேண்டிய பிரசங்கியாரும் இல்லை.

கூடம் என்பது பழைய வலைக்கிடங்கு.
மழைக்கு ஒழுகும் மூலை ஒன்று உண்டு.
வந்த பதின்மூன்று பேரும்
ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துக்கொண்டு
கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.
வட்டம் என்று யாரும் திட்டமிடவில்லை,
குளிர் போட்ட வட்டம் அது.
முதல் முறையாக
எல்லோருக்கும் மூக்கு இருந்தது.

யார் தொடங்குவது?
கெட்டில் இரண்டு முறை கொதித்து அடங்கியது.

படகை விற்றுவிட்ட தும்மாஸ் எழுந்தார்.
யோனாவில் தொடங்கி
சொந்த மீன்பிடிக் கதைக்குள் இறங்கி
இருபது நிமிடம் கரையேறவில்லை.
மனைவி சுன்னுவா சட்டைக்கையை இழுத்தாள்:
"பவுல் இரண்டு மூன்று பேருக்கு இடம் கொடுத்தார்.
அந்த மூன்று பேரும் நீயே என்று சொல்லவில்லை."
சிரித்துவிட்டோம்.
ஆராதனையில் சிரிக்கலாமா என்று
கூரையைப் பார்த்தேன். ஒழுகிக்கொண்டிருந்தது.

சால்மன் பண்ணை யால்கிரிம்
ஒரு பாட்டை எடுத்தான், மிக உயரத்தில்.
இரண்டாம் அடியில் எல்லோரும் உடைந்தோம்.
மூன்றாம் அடியை
யாரோ கீழே இறக்கிப் பிடித்தார்கள்.

பெண்கள் பேசலாமா
என்று கேட்க வாயெடுத்த ஒருவர்
அடுப்புக்குக் கரி போட எழுந்துபோனார்.
அந்த இடைவெளியில்
மரிவிக் ஜெபிக்கத் தொடங்கிவிட்டாள்.

மீன் ஆலையில் முள் நீக்குகிறவள்,
பிலிப்பைன்ஸில் பிறந்தவள்.
ஏழு வருடத்தில் எங்கள் மொழியில் அவள்
'நன்றி', 'மன்னிக்கவும்',
'கத்தி மழுங்கிவிட்டது'
சொல்லக் கேட்டிருக்கிறேன்.
அன்று தன் மொழியில் பேசினாள்,
நிறுத்தாமல், கண்ணைத் துடைக்காமல்.

அர்த்தம் சொல்ல ஒருவர் வேண்டுமே,
இல்லையென்றால் மௌனம் என்றல்லவா எழுதியிருக்கிறது?
எல்லோரும் அவள் கணவனைப் பார்த்தோம்.
ஓய்துன் காதுவரை சிவந்தான்.
"எனக்கு இரண்டு சொல்தான் தெரியும்.
ஒன்று சோறு. மற்றது அம்மா.
இரண்டும் வந்தன. பல தடவை."
அதற்குமேல் அவனிடம் இல்லை.

பிறகு அவளிடமே கேட்டோம்.
கேட்பதற்குத்தான்
ஏழு வருடம் பிடித்தது.

அப்பம் பிட்கும் நேரம்.
இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்தோம்.
வழக்கமாய்க் காத்திருப்பதில்லை,
பிரசங்கியாரின் படகு திரும்பும் நேரமாகிவிடும்.
கொரிந்துவில் பிந்தி வந்தவர்களுக்கு
ஒன்றும் மிஞ்சவில்லையாம்.
வாசித்து வருத்தப்பட்டிருக்கிறோம்,
இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய பாவம் போல.
இருவர் வந்தார்கள், கையில் மீன்வாடையோடு.
அதே கையால் கிண்ணத்தை எனக்கு நீட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு கடல் அமைதி. படகு வந்தது.
பிரசங்கியார் வாசலில் நின்று
ஈரக் கோட்டைக் கழற்றியபடி மேடையைத் தேடினார்.
மேடைமேல் பதினைந்து கோட்டுகள் கிடந்தன.
தன்னுடையதையும் அதன்மேல் போட்டார்.

மிச்சமிருந்தது ஒழுகும் மூலைப் பக்கத்து நாற்காலி.
உட்கார்ந்து தாள்களை எடுத்தார்.
முதல் தாளில் ஒரு சொட்டு விழுந்தது.
மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
காத்திருந்து பழக்கமில்லாதவர்,
பூட்ஸ் நுனியால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கெட்டில் முனகத் தொடங்கியது.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
நான்தான் என்பது
எல்லா மூக்கும் என் பக்கம் திரும்பிய பிறகுதான்
எனக்குத் தெரிந்தது.